ஈயம், பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்

"பழைய இரும்பு, ஈயம், பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்!" தெருமுனையில் இந்தக் குரல் கேட்டதும் ஓட்டைச் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருவன். தராசில் சொம்பு ஏறி இறங்கும்; கையில் பிசுபிசுவென்று பழம் விழும். அன்று வீட்டில் கழித்துப்போட்ட எதுவும் உருக்கினால் இன்னொரு பாத்திரமாகிவிடும். எல்லாம் போய்ச் சேரும் இடம் காயலான் கடை. காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் என்பார்கள்.

1979-இல் தஞ்சாவூர் கீழவாசலில் ரேடியோ வேலை பழகப் போனேன். 1982-இல் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தது. கடல் கடந்து வரும் அந்தப் படத்தைப் பிடிக்க டெல்டாவில் வீட்டுக்கு வீடு உயரமான ஆன்டெனா முளைத்தது. எங்கள் கடையில் எதையும் எறிய மாட்டோம். செத்த செட்டின் கண்டென்சரும் டிரான்சிஸ்டரும் இன்னொரு செட்டில் உயிர் பெறும். 'மின்னணுக் கழிவு' என்ற சொல்லே அப்போது எங்கள் காதுக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் செய்தோம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாதம் ஒருமுறை வயர்த் துண்டுகளைக் கொல்லையில் குவித்துக் கொளுத்துவோம். கரும்புகை அடங்கியதும் சாம்பலைக் கிளறினால் செம்பு கம்பி கம்பியாகக் கிடக்கும், கழுவினால் பளபளக்கும். காயலான் கடை பாய் தோல் உரிக்காத வயருக்குத் தருவதைவிட அதற்கு நல்ல விலை தருவார். பின்வீட்டில் கைக்குழந்தையோடு இருந்த அக்கா புகை கிளம்பியதும் ஜன்னலைச் சாத்துவார். ஒரு நாளும் சண்டைக்கு வந்ததில்லை. பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகும் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஜன்னல்தான்.

2006-இல் தமிழக அரசு இலவசக் கலர் டிவி தரத் தொடங்கியது. ஐந்து ஆண்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் 14 அங்குலப் பெட்டி வந்து உட்கார்ந்தது. கூலி வேலை பார்த்தவர்கள் வீடுகளில் முதல் டிவி அதுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தட்டை டிவி விலை இறங்கியதும் அவை ஒவ்வொன்றாக ரிப்பேருக்கு வந்தன. சிலவற்றை எடுத்துப்போக யாரும் திரும்பி வரவில்லை.

பிக்சர் டியூபைப் பிரிப்பதை அருகில் நின்று பார்த்திருக்க வேண்டும். கழுத்துப் பக்கம் யோக் காயில் இருக்கும், செம்பு அதில்தான். அவசரக்காரர்கள் கழுத்தை ஒரே தட்டில் உடைப்பார்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாயும். காயிலை உருவிக்கொண்டு மிச்சத்தைக் குளக்கரையில் தள்ளிவிடுவார்கள். எக்ஸ் கதிர் வெளியே வராமலிருக்க, பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு கலந்திருக்கும். பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கிய ஈயத்தை உருக்கி எடுக்கலாம். கண்ணாடிக்குள் கலந்த காரீயத்தை எந்தக் காயலான் கடையில் பிரிப்பது?

2011-இல் மத்திய அரசு மின்னணுக் கழிவுக்கான முதல் விதிகளைக் கொண்டுவந்தது. 2012 மே மாதம் அமலானது. விற்ற கம்பெனியே கழிவுக்கும் பொறுப்பு என்றது. சரியான சட்டம்தான். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த புது விதிகளில் தயாரிப்பாளர், விற்பனைக்கு விடும் கம்பெனி, பழுது பார்த்துப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் எல்லாரும் பதிவு செய்ய வேண்டும். தெருத்தெருவாகப் போய் வாங்கிவரும் தள்ளுவண்டிக்காரருக்கு அந்த வரிசையில் இடமில்லை. எந்த வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிவருகிறார். சேகரிப்பு என்ற பாதி வேலையை நம் ஊர் தலைமுறை தலைமுறையாகச் செய்து வைத்திருக்கிறது. கெடுதல் எல்லாம் கடைசிப் படியில், கொளுத்தும் இடத்திலும் அமிலத்தில் முக்கும் இடத்திலும்தான். அந்தப் படியை மட்டும் அவர் கையிலிருந்து நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டால் போதும் என்று நான் இன்றும் வாதாடுகிறேன்.

இப்போது வயரைக் கொளுத்துவதில்லை. கத்தியால் உரிக்கிறோம், அல்லது மூட்டையாகவே கொடுக்கிறோம். போன மாதம் பாயின் மகனிடம், "தம்பி, டியூபையும் ஏத்திக்கயேன்" என்றேன்.

"கண்ணாடிக்கு யாருண்ணே விலை தர்றாங்க? ஏத்திக்கிட்டா நானும் குளத்துலதான் கொட்டணும்" என்றான்.

கழுத்து உடையாமல் பதினோரு டியூப்கள் கடைக்குப் பின்னால் சாக்கு போர்த்திக் கிடக்கின்றன.