நத்தையைத் தூக்கி எறிந்த வாத்தியார்

நேற்று என் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, இந்த மூலையில வெயிலே வரல. தொட்டிக்குள்ள செடி மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?" பதில் சொல்லத் தொடங்கியதும் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991. நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். செடி உயிர்க்காற்று தருகிறது, மீன் அதைச் சுவாசிக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்து, வெயில் விழும் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தேன். குளத்துப் பாசியை நிறையத் திணித்தேன். அதில் ஒட்டியிருந்த நத்தைகளை அசிங்கம் என்று பொறுக்கி எறிந்தேன். உள்ளே மூன்று தங்கமீன்கள். தீனி போடும் பொறுப்பு ஒரு மாணவனுக்கு. சில வாரங்களில் இலைகள் அழுகின, தண்ணீர் கலங்கியது. ஒரு திங்கட்கிழமை காலை மூன்று மீனும் செத்து மிதந்தன. "நீதாண்டா தீனியை அள்ளிக் கொட்டியிருக்கிறாய்" என்று வகுப்பு முன்னால் அவனை ஏசினேன். அவன் அழுதான்.

இனி வரலாறு. மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்லதாக்குகிறது என்று 1771-இல் கண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. அது வெளிச்சத்தில் மட்டுமே நடக்கும், இருட்டில் செடியும் காற்றைக் கெடுக்கும் என்று 1779-இல் காட்டியவர் யான் இங்கன்ஹவுஸ்.

இதைத் தண்ணீருக்குள் சோதித்துப் பார்த்தவர் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1849-இல் 12 காலன் கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் விட்டார். அவருக்கும் இலை அழுகி, தண்ணீர் கலங்கியது. ஆனால் அவர் யாரையும் ஏசவில்லை. குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்துவந்து போட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. நத்தை முட்டைகள் மீனுக்கு உணவாயின. 1850-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1845-இலேயே கண்ணாடி வரி நீங்கியிருந்ததால் பிரிட்டனில் கண்ணாடி மலிந்திருந்தது. 1853-இல் லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் மீன்கூடம் திறந்தார்கள். 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லையே வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

வேலைநீங்கிய பிறகு இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வாரிங்டன் தேடிப் பிடித்துப் போட்டதைத்தான் நான் பொறுக்கி எறிந்திருக்கிறேன். அழுகும் இலையும் இரவில் அடர்ந்த பாசியும் சேர்ந்து தண்ணீரின் உயிர்க்காற்றை உறிஞ்சியிருக்க வேண்டும். தீனி மட்டும் காரணமாக இருந்திருக்காது. இங்கன்ஹவுஸ் சொன்னதைப் பாடமாக நடத்தியவனே அதை மறந்துவிட்டேன்.

பேத்திக்கான பதில் இதுதான். எங்கள் தொட்டியில் இருப்பவை நிழலுக்குப் பழகிய செடிகள். ஒன்று அனுபியாஸ் பார்டெரி. மேற்கு ஆப்பிரிக்க நீரோடைக் கரைச் செடி. 1859-இல் நைஜர் பயணத்தில் இறந்த சார்லஸ் பார்ட்டர் என்ற செடி சேகரிப்பாளரின் பெயர் அதற்கு. மற்றொன்று கிரிப்டோகோரைன் வெண்ட்டியை. நம் பக்கத்து இலங்கையின் செடி. 1958-இல் டச்சுத் தாவரவியலாளர் டி விட் அதற்குப் பெயரிட்டார். மெதுவாக வளரும், அதனால் கொஞ்ச வெளிச்சமே போதும். அனுபியாஸின் கிழங்குத் தண்டைப் புதைத்தால் அழுகும், கல்லில் நூலால் கட்டிவிடுங்கள். கிரிப்டோகோரைனை இடம் மாற்றினால் இலை கரைந்துபோகும். செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள், வேரிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

அந்த மாணவனைப் போன வருடம் ஒரு திருமணத்தில் பார்த்தேன். தனியாக அழைத்து, "மீன் செத்தது உன்னால் இல்லப்பா, தப்பு என்னுடையது" என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "நான் இன்னிக்கு வரைக்கும் வீட்டுல மீன் வளர்க்கல சார்" என்றான்.

மறு வாரம் ஒரு சிறிய தொட்டியும் அனுபியாஸ் துண்டு ஒன்றும் அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நத்தைகளையும் சேர்த்துத்தான்.