குற்றவியல் நடைமுறைச் சட்ட மாற்றம் (இந்தியா): போலீஸ் அதிகாரமும் காப்பு விதிகளும்

கைது, சோதனை, புலனாய்வு, பிணை, விசாரணை ஆகியவை எப்படி நடக்க வேண்டும் என்று வரையறுக்கும் இந்தியச் சட்டம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023. அது 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு மாற்றாக, பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதிநியம் ஆகியவற்றுடன் சேர்ந்து 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 531 பிரிவுகளில் பெரும்பாலானவை பழைய வாசகங்களே, எண்தான் மாறியிருக்கிறது. நிஜமாகவே மாறிய சில பிரிவுகளோ, பிடிபட்டவர்மீது காவல்துறைக்கு உள்ள பிடியைத் தொடுகின்றன.

இந்தப் பிடிக்கு எல்லை வகுத்த வரலாற்றில் சென்னை மாகாணத்துக்குத் தனி இடம் உண்டு. வரி வசூலுக்காகக் குடியானவர்கள் வதைக்கப்படுவதாக எழுந்த புகார்களை விசாரித்த குழு 1855-இல் அறிக்கை தந்தது. விரல்களைக் கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளைக் குனியவைத்துக் கட்டிப்போடும் அண்ணந்தாள் ஆகியவை அதே பெயர்களில் அதில் பதிவாகியுள்ளன. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே கையில் இருப்பதைப் பிரிக்க வேண்டும் என்றது குழு. 1859-இல் மாகாணத்துக்கெனத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அதைக் கொடுத்தவருக்கு எதிராகச் செல்லாது என்ற விதி 1861-இல் சட்டத்தில் ஏறியது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக இருந்த அது, இன்று சாக்ஷிய அதிநியத்தின் 23-ஆம் பிரிவு. வாக்குமூலத்தின் வழியே கத்தியோ நகையோ கிடைத்தால் அந்த அளவுக்குச் செல்லும் என்ற விலக்கும் கூடவே தொடர்கிறது. அடிஉதைக்கு இன்றும் காரணமாக இருப்பது பெரும்பாலும் அந்த ஓட்டைதான். இருந்தும் இவ்விதி நிலைத்ததற்குக் காரணம், அது அதிகாரியின் நல்லெண்ணத்தை நம்பவில்லை. மீறினால் அவருடைய வழக்கே கெடும்.

புதிய சட்டத்தில் அதிகம் விவாதிக்கப்படுவது 187-ஆம் பிரிவு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதன்பின் மொத்தம் 15 நாள் வரை போலீஸ் காவலில் விசாரிக்கலாம். இவை பழைய விதிகளே. அந்த 15 நாளும் ரிமாண்டின் முதல் 15 நாளுக்குள் அடங்க வேண்டும் என்று அனுபம் குல்கர்னி வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2023 ஆகஸ்டில் செந்தில் பாலாஜி வழக்கில் இன்னொரு அமர்வு அதில் உடன்படாமல், கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. நாடாளுமன்றம் அதற்குக் காத்திருக்கவில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலுக்கு 60 நாள் அவகாசமுள்ள வழக்கில் முதல் 40 நாளுக்குள்ளும், 90 நாள் வழக்கில் முதல் 60 நாளுக்குள்ளும் 15 நாளைத் துண்டு துண்டாகக் கேட்டுப் பெறலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. சிறைக்குப் போனவரை மறுபடி ஸ்டேஷனுக்கு இழுத்துவர முடியும் என்பது இதன் நடைமுறைப் பொருள். போலீஸ் காவல் பாக்கியிருக்கிறது என்பது மட்டுமே பிணை மறுக்கப் போதுமான காரணமல்ல என்று 480-ஆம் பிரிவு சொல்கிறது. கீழமை நீதிமன்றங்கள் அதை எவ்வளவு தூரம் பிடித்துக்கொள்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவகாசத்துக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை பெறும் உரிமை நீடிக்கிறது. மீறலுக்கு விலை வைத்த இன்னொரு விதி இது.

அதிகாரம் கூடிய இடங்கள் வேறும் உண்டு. கொலை, பாலியல் வன்கொடுமை, போதைப்பொருள் போன்ற வழக்குகளில் கைவிலங்கு மாட்டலாம். முதல் மசோதாவில் இருந்த பொருளாதாரக் குற்றங்களை நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிந்துரைக்குப் பின் நீக்கினார்கள். தலைமறைவாக அறிவிக்கப்பட்டவரை அவர் இல்லாமலே விசாரித்துத் தீர்ப்பளிக்கலாம்.

காப்பு விதிகளில் முக்கியமானது 105-ஆம் பிரிவு. சோதனையும் பறிமுதலும் முழுவதும் ஒலி, ஒளிப்பதிவாக வேண்டும், செல்பேசியே போதும், பதிவு தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கி ஸ்டேஷனில் எழுதப்படும் மகஜர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. அறுபது வயதைத் தாண்டியவரையோ உடல்நலம் குன்றியவரையோ மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்குக் கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, உச்சபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றிலொரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வேண்டும். ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

கருவியை மட்டும் நம்பிய காப்பு எப்படித் தோற்கும் என்பதற்குத் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் உதாரணம். 2020 ஜூன் 19 அன்று அங்கே காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களில் இறந்தார்கள். காவல் நிலையத்தில் கேமராக்கள் இருந்தன. ஒரு டெராபைட் வட்டும் இருந்தது. ஆனால் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற கோவில்பட்டி மாஜிஸ்திரேட் கண்டார். தடயங்களைக் காக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிலையத்தை வருவாய்த் துறையினரின் பொறுப்பில் வைத்தது. வருவாய்த் துறையிடமிருந்து போலீஸைப் பிரித்த மாகாணத்தில் காவல் நிலையத்தைக் காக்கத் தாசில்தார்களை அழைக்க வேண்டியிருந்தது! அதே ஆண்டு டிசம்பரில் ஒரு பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம், கேமராப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமல், வைத்திருக்க உத்தரவிட்டது.

குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்களும் திருத்தலாம். தமிழ்நாடு அரசு அதற்கான பரிந்துரைகளைப் பெற ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் 2024 ஜூலையில் ஒருநபர் குழுவை அமைத்தது. பழைய சட்டமும் முற்றிலும் போய்விடவில்லை. 2024 ஜூலை 1-க்கு முன் நிலுவையில் இருந்த புலனாய்வுகளும் விசாரணைகளும் மேல்முறையீடுகளும் 531-ஆம் பிரிவின்படி பழைய நடைமுறையிலேயே தொடர்கின்றன. அதனால் ஒரே நீதிமன்றத்தில் ஒரே நாளில் பழைய சட்டத்தின் 167-ஆம் பிரிவின் கீழ் ஒரு பிணை மனுவும் புதியதன் 187-இன் கீழ் இன்னொன்றும் அழைக்கப்படுகின்றன.