சண்டிகர் அலமாரியின் ஆசிரியன் யார்?

புத்தக அலமாரி செய்யவேண்டி, சண்டிகர் அலுவலகத்துக் கோப்பு அடுக்கொன்றின் படத்தை ஆசாரியிடம் காட்டினேன். (இந்த ஆசையும் அந்த மோகத்தில் சேர்த்திதான்.) 'யாரு செஞ்சது சார்?' என்றார். பியர் ஜான்னரே என்றேன். 'வரைஞ்சது அவரு. இழைச்சது?'

லெ கொர்புசியேயின் உறவினரான ஜான்னரே 1951இல் வந்து 1965வரை சண்டிகரில் இருந்தார். யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக்கலைஞர்களும் கூட இருந்தார்கள். நாற்காலி, மேசை, அடுக்கு எல்லாம் பெரும்பாலும் தேக்கு; கரையானுக்கும் ஈரத்துக்கும் தாங்குவது. உள்ளூர்ப் பட்டறைகளில் கையால் இழைத்தவை என்பதால் ஒரே மாதிரியின் இரண்டு சாமான்கள்கூட அச்சாக ஒத்துப்போவதில்லை. நவீனத்துவம் தன் அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும் 'எந்திர ஒழுங்கு' இங்கே ஆசாரியின் கையில்தான் நின்றது.

பிறகு அவை பழசாகி, மொட்டைமாடிகளில் குவிந்து, கழிவென்று அடிமாட்டு விலைக்குப் போயின. அதே சாமான்கள் பாரிஸ், நியூயார்க் ஏலங்களில் பல லட்சம் ரூபாய்க்கு விலைபோயின. எந்த அலுவலகத்துச் சாமான் என்று குமாஸ்தா பெயின்ட்டில் எழுதிவைத்த எண் அங்கே 'அசல்' என்பதற்கான சாட்சியம். 2011இல் உள்துறை அமைச்சகம் விற்பனைக்குத் தடை விதித்தது. அந்தப் பாதுகாப்பும் வடிவமைத்தவரின் பெயரைச் சொல்லித்தான் வந்தது. ஏலப் பட்டியலில் ஜான்னரே இருக்கிறார், குமாஸ்தாவின் எண்கூட இருக்கிறது. ஆசாரிக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் தட்டின் அகலத்தைக் கேட்டார்.