ரோட்டரி கூபேயின் விலை: மாஸ்டா ஸ்போர்ட்ஸ் கார்களின் பழுதும் பராமரிப்பும்

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1967 முதல் 2012 வரை தயாரித்த ரோட்டரி இன்ஜின் ஸ்போர்ட்ஸ் கூபேக்கள் மோட்டார் வாகன வரலாற்றில் ஒரு தனி இனம். பிஸ்டன் இல்லாத இன்ஜினை இத்தனை ஆண்டுகள், இத்தனை லட்சம் கார்களில் ஓடவைத்த நிறுவனம் வேறு எதுவும் இல்லை. அந்த இனத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தீர்மானித்தவை இரண்டு: இன்ஜினுக்குள் இருந்த சில மில்லிமீட்டர் தடிமனுள்ள சீல்கள், அவற்றைக் காப்பாற்ற உரிமையாளர் செய்ய வேண்டியிருந்த செலவு.

இன்ஜினின் அமைப்பு

ரோட்டரி இன்ஜினில் சிலிண்டருக்குப் பதிலாக, நடுவில் சற்றே ஒடுங்கிய முட்டை வடிவ ஹவுசிங் இருக்கும். அதற்குள் பக்கங்கள் புடைத்த முக்கோண வடிவ ரோட்டர் சுழலும். ரோட்டர் ஒரு முறை சுற்றும்போது நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். ரோட்டரின் மூன்று முகங்களும் தனித்தனி அறைகளாகி உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு வேலைகளையும் செய்கின்றன. வால்வுகள் இல்லை, மேலும் கீழும் அடித்துத் திரும்பும் பாகமும் இல்லை. அதனால் இன்ஜின் சிறியது, எடை குறைந்தது, அதிர்வில்லாமல் உயர்ந்த வேகத்தில் ஓடக்கூடியது.

இந்த நன்மைகளுக்கான விலையை மூன்று முனைகளிலும் பொருத்தப்பட்ட சீல்கள் கொடுக்கின்றன. முனை சீல் எனப்படும் அந்தப் பட்டைகள் ஹவுசிங்கின் உட்சுவரை விடாமல் உரசியபடி ஓடி, ஒரு அறையின் வாயு அடுத்த அறைக்குள் கசியாமல் தடுக்க வேண்டும். அவற்றுக்கு உராய்வு குறைய, சிறிதளவு ஆயிலை இன்ஜினே உள்ளே செலுத்தி எரித்துவிடுகிறது. எனவே நல்ல நிலையில் உள்ள ரோட்டரி இன்ஜினும் ஆயில் குடிக்கும். எரியும் அறை நீண்டு ஒடுங்கியிருப்பதால் வெப்பம் சுவர்களில் வீணாகிறது. ஒரு பகுதி எரிபொருள் எரியாமலே வெளியேறுகிறது. மைலேஜ் குறைவுக்கும் வெளியேறும் புகையின் கடும் சூட்டுக்கும் இதுவே காரணம். பின்னாளில் வந்த பெரும்பாலான பழுதுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நகக்கீறல்களின் காலம்

இந்த இன்ஜினின் கருத்தை உருவாக்கியவர் ஜெர்மனியரான ஃபெலிக்ஸ் வாங்கெல். என்எஸ்யூ நிறுவனத்துடன் சேர்ந்து அவர் செய்த முதல் மாதிரி 1957இல் ஓடியது. அப்போது டோயோ கோக்யோ என்ற பெயரில் ஹிரோஷிமாவில் இயங்கிய மாஸ்டா, 1961இல் என்எஸ்யூவிடம் உரிமம் பெற்றது. சிறிய கார் நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைத்துவிட ஜப்பான் அரசு எண்ணியிருந்த காலம் அது. யாரிடமும் இல்லாத ஒரு தொழில்நுட்பம் கையில் இருந்தால் தனித்து நிற்கலாம் என்று தலைவர் சுனெஜி மாட்சுடா கணக்கிட்டார்.

உரிமத்தோடு வந்த மாதிரி இன்ஜின்கள் அதிக நேரம் தாங்கவில்லை. முனை சீல்கள் அதிர்ந்து, ஹவுசிங்கின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல்களை ஏற்படுத்தின. பொறியாளர்கள் அவற்றைப் 'பிசாசின் நகக்கீறல்' என்றே அழைத்தார்கள். 1963இல் கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் கொண்ட ஆய்வுப் பிரிவு அமைந்தது. சீலின் இயல்பான அதிர்வு எண்ணை மாற்றினால் கீறல் குறையும் என்று அவர்கள் கண்டறிந்தார்கள். முதலில் சீலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டுப் பார்த்தார்கள். பிறகு கார்பனில் அலுமினியம் ஊட்டிய சீலை உருவாக்கினார்கள். ஆயில் கசிந்து வெண்புகை கக்கிய குறையும் புதிய ஆயில் சீல்களால் அடங்கியது.

இந்த உழைப்பின் பயன்தான் 1967 மே மாதம் விற்பனைக்கு வந்த காஸ்மோ ஸ்போர்ட் கூபே. இரண்டு ரோட்டர்களும் சேர்ந்து 982 சிசி. திறன் 110 குதிரைசக்தி. அதன் முனை சீல் 6 மி.மீ. தடிமன் கொண்டது. 1968இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த 84 மணி நேரப் போட்டியில் இரண்டு காஸ்மோக்கள் ஓடின. ஒன்று 82ஆம் மணி நேரத்தில் விலகியது. மற்றொன்று நான்காம் இடம் பிடித்தது. 1972 வரை 1,176 காஸ்மோக்களே தயாராயின.

அதே 1967இல் என்எஸ்யூ தன் ஆர்ஓ 80 காரை வெளியிட்டது. 1968இன் ஐரோப்பியச் சிறந்த கார் விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் விற்ற கார்களின் முனை சீல்கள் விரைவில் தேய்ந்தன. உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே இன்ஜின்களை மாற்றிக் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. அந்தச் செலவு என்எஸ்யூவின் நிதிநிலையைக் குலைத்தது; 1969இல் ஃபோக்ஸ்வாகன் அதைத் தன் கையிலிருந்த ஆட்டோ யூனியன் நிறுவனத்தோடு இணைத்துக்கொண்டது. ஒரு சீல் ஒரு நிறுவனத்தின் தனி வாழ்வையே முடித்துவைத்தது.

பெட்ரோல் நெருக்கடியும் ஆர்எக்ஸ்-7உம்

மாஸ்டா 1970இல் அமெரிக்கச் சந்தைக்குள் நுழைந்தது. ஆர்எக்ஸ்-2, ஆர்எக்ஸ்-3 கூபேக்கள் விலைக்கு மீறிய வேகத்தால் நன்றாக விற்றன. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அந்த வேகத்தின் செலவு வெளிப்பட்டது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை செய்த சோதனையில் நகர ஓட்டத்தில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூடக் கிடைக்கவில்லை. விற்பனை சரிந்தது. சுமிடோமோ வங்கி கைகொடுத்ததால்தான் நிறுவனம் பிழைத்தது.

எரிபொருள் சிக்கனத்தை 40 சதவீதம் உயர்த்தும் இலக்குடன் பொறியாளர்கள் மீண்டும் உழைத்தார்கள். கார்பன் சீல்கள் போய், 3 மி.மீ. உலோகச் சீல்கள் வந்தன. 1978 மார்ச் மாதம் ஆர்எக்ஸ்-7 வெளியானது. 1,146 சிசி இன்ஜின் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. காரின் எடை சுமார் ஒரு டன். மூன்று தலைமுறைகளில் 8,11,634 ஆர்எக்ஸ்-7கள் தயாராயின. அவற்றில் பாதிக்கும் மேல் இந்த முதல் தலைமுறைதான்.

பெரும்பாலும் கார்புரேட்டரும் டர்போ இல்லாத இன்ஜினும் கொண்ட இந்தக் கூபே, ரோட்டரி கார்களில் பராமரிக்க எளியதாகக் கருதப்படுகிறது. சூடேறவிடாமல், ஆயில் அளவைத் தவறாமல் பார்த்து ஓட்டினால் இன்ஜின் நெடுங்காலம் உழைக்கும். உடலில் துருவேறுவதும், ரப்பர் பாகங்கள் இறுகுவதும், கார்புரேட்டர் கசிவதுமே இதற்கு வயதால் வரும் நோய்கள்.

டர்போ கொண்டுவந்த சிக்கல்கள்

1985இல் வந்த இரண்டாம் தலைமுறையில் 1,308 சிசி இன்ஜினும் டர்போவும் சேர்ந்தன. முனை சீலும் 2 மி.மீ. ஆக மெலிந்தது. மெல்லிய சீலுக்கு எடை குறைவு. உயர்ந்த வேகத்தில் சுவரோடு நன்றாக ஒட்டி ஓடும். ஆனால் எரிபொருள் தவறான நேரத்தில் வெடித்தால் அது உடைந்துவிடும். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறி, வெளியேறும் வழியில் டர்போவின் சக்கரத்தையும் அடித்துச் சிதைக்கும். அதனால் சக்தியைக் கூட்ட விரும்பிய பலர் ரோட்டரின் பள்ளத்தை அகலமாக்கி 3 மி.மீ. சீலுக்கே திரும்பினார்கள். எரிபொருள் குழாயில் அழுத்தத் துடிப்பைத் தணிக்கும் சிறு பாகம் வயதாகிக் கசிவது இந்தத் தலைமுறையின் ஆபத்தான குறை. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டித் தீப்பிடித்த கார்கள் உண்டு.

1991இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் போட்டியை மாஸ்டாவின் நான்கு ரோட்டர் கொண்ட 787பி வென்றது. அந்த ஆண்டின் இறுதியில் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 வெளிவந்தது. அழகிலும் ஓட்டத்திலும் இதுவே உச்சம்; பராமரிப்புச் செலவிலும் இதுவே உச்சம். குறைந்த வேகத்தில் ஒரு டர்போவும் உயர்ந்த வேகத்தில் இரண்டும் வேலைசெய்யும் ஏற்பாடு இதில் இருந்தது. அதைக் கட்டுப்படுத்த டஜன்கணக்கான மெல்லிய வேக்குவம் ஹோஸ்களும் சோலினாய்டுகளும் இன்ஜினின் மேல் அடைந்து கிடந்தன. ரோட்டரியின் சூட்டில் ரப்பர் ஹோஸ்கள் இறுகி வெடித்தன. ஒரு ஹோஸ் கழன்றாலும் இரண்டாவது டர்போ ஒழுங்காக வேலை செய்யாது. எது கழன்றது என்று கண்டுபிடிக்க மெக்கானிக் பல மணி நேரம் செலவிட வேண்டும்.

கூலன்ட் அமைப்பில் காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டி இன்னொரு பலவீனம். அது சூட்டில் விரிசல் விட்டால் கூலன்ட் வெளியேறும். இன்ஜின் ஓவர்ஹீட் ஆகும். ஹவுசிங்குகளுக்கு இடையிலுள்ள நீர் சீல்கள் கருகும். அதன் பிறகு இன்ஜினை இறக்கிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. மலிவான ஒரு தொட்டியை வயதானதும் மாற்றாமல் விட்டதால் முழு இன்ஜினையும் இழந்த உரிமையாளர்கள் பலர். அமெரிக்காவில் 1995 மாடலோடு இந்தக் காரின் விற்பனை நின்றது. ஜப்பானில் 2002 வரை தயாரானது.

ஆர்எக்ஸ்-8: கடைசி முயற்சி

2003இல் வந்த ஆர்எக்ஸ்-8 நான்கு பேர் அமரும் கூபே. டர்போ இல்லை. புகை வெளியேறும் துவாரம் ஹவுசிங்கின் பக்கச் சுவருக்கு மாறியதால் மாசு குறைந்தது. அதன் ரெனெசிஸ் இன்ஜின் அந்த ஆண்டின் சர்வதேச சிறந்த இன்ஜின் விருதைப் பெற்றது. ஆயினும் அமெரிக்க அரசின் திருத்திய கணக்கில் மைலேஜ் லிட்டருக்குச் சுமார் 7.5 கிலோமீட்டர்தான்.

ஆர்எக்ஸ்-8இன் பழுதுகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து வந்தன. இக்னிஷன் காயில்கள் ஏறத்தாழ 50,000 கிலோமீட்டரில் தளர்ந்தன. தீப்பொறி குன்றியதும் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை அடைத்தது. அடைப்பால் சூடு பின்னோக்கித் திரும்பி சீல்களைத் தாக்கியது, கம்ப்ரஷன் விழுந்தது. குளிர்ந்த இன்ஜினை இயக்கி, காரை இரண்டடி நகர்த்தி உடனே அணைத்தால், பெட்ரோல் உட்சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிவிட, மறுமுறை இன்ஜின் இயங்காமல் போகலாம். தொடக்க காலக் கார்களின் ஸ்டார்ட்டர் மோட்டாரும் போதிய வேகத்தில் சுழற்றவில்லை. 2008இல் அமெரிக்காவில் மாஸ்டா இன்ஜினின் மையப் பாகங்களுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று நீட்டித்தது. 2009 மாடலில் ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்றாவது ஆயில் துவாரம் சேர்க்கப்பட்டது. 2012 ஜூன் மாதத்தில் தயாரிப்பு நின்றது.

உரிமையாளரின் கணக்கு

பழைய ரோட்டரி கூபேயை வைத்திருப்பவரின் செலவில் பெட்ரோலும் ஆயிலும் அன்றாடம் கண்ணில் படுபவை. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் ஆயில் அளவைப் பார்ப்பது இந்தக் கார்களோடு வளர்ந்த வழக்கம். பெட்ரோலில் சிறிது டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து சீல்களுக்குக் கூடுதல் மசகு கொடுப்போரும் உண்டு. இரண்டு ரோட்டருக்கு நான்கு ஸ்பார்க் பிளக்குகள். அவையும் சாதாரணப் பிளக்கைவிட விலை கூடியவை.

ஜப்பானில் வரிச் செலவும் சேர்கிறது. ரோட்டரி இன்ஜினின் சிசியை ஒன்றரையால் பெருக்கித்தான் ஆண்டு வரி விதிக்கிறார்கள். 1,308 சிசி இன்ஜின் இவ்வாறு 1,962 சிசி ஆகி, இரண்டு லிட்டர் பிரிவுக்குப் போகிறது. பதிவுசெய்து 13 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் கார்களுக்கு வரி ஏறத்தாழ 15 சதவீதம் கூடுகிறது. 39,500 யென் 45,400 யென் ஆகிறது. 'ஷாக்கென்' எனப்படும் கட்டாயச் சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதனோடு எடை வரியும் கட்டாயக் காப்பீடும் கட்ட வேண்டும். 1995 வரை, பத்து ஆண்டு கடந்த காருக்கு இந்தச் சோதனை ஆண்டுதோறும் இருந்தது.

பெரிய செலவு இன்ஜின் வேலைதான். சாதாரண மானியால் ரோட்டரி இன்ஜினின் கம்ப்ரஷனைச் சரியாக அளக்க முடியாது. மூன்று முகங்களில் உயர்ந்த ஒன்றை மட்டுமே அது காட்டும். மூன்றையும் தனித்தனியே காட்டும் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த கையும் தேவை. கீறல் விழுந்த ஹவுசிங்கைப் பிஸ்டன் இன்ஜினைப் போல ரீபோர் செய்ய முடியாது. பெரும்பாலும் புதிது வாங்க வேண்டும். ரோட்டரி தெரிந்த பட்டறைகள் எல்லா நாட்டிலும் குறைவு. இந்தக் காரணங்களால் அமெரிக்காவில் பல ஆர்எக்ஸ்-7களின் ரோட்டரி இன்ஜின்கள் கழற்றப்பட்டு, வி8 இன்ஜின்கள் பொருத்தப்பட்டன.

இன்றைய நிலை

மாற்றப்படாமல் தப்பிய கார்கள் அரிதாகிவிட்டதால் அவற்றின் விலை ஏறியிருக்கிறது. 25 ஆண்டு கடந்த வெளிநாட்டுக் கார்களை அமெரிக்கா தன் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்குவதால், ஜப்பானில் விற்ற ஆர்எக்ஸ்-7கள் அங்கே செல்கின்றன. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7களுக்கான நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மீண்டும் தயாரிப்பதாக மாஸ்டா 2020இல் அறிவித்தது. 2023இல் எம்எக்ஸ்-30 காரில் ரோட்டரி திரும்பியது. அங்கே 830 சிசி ஒற்றை ரோட்டர் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்க மட்டுமே ஓடுகிறது. அதன் முனை சீல் 2.5 மி.மீ.; மெலிந்துகொண்டே வந்த சீல் மீண்டும் தடித்திருக்கிறது.

ரோட்டரி கூபேயின் குறைகள் மறைவானவை அல்ல. அரை நூற்றாண்டு அனுபவம் அவற்றை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. ஹோஸ், தொட்டி, காயில் போன்ற மலிவான பாகங்களை வயது பார்த்து முன்கூட்டியே மாற்றியவர்களின் இன்ஜின்கள் நீடித்தன. பழுது வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்களின் இன்ஜின்கள் நீடிக்கவில்லை. இந்தக் காரை வாங்க எண்ணுபவர் மூன்று முகங்களின் கம்ப்ரஷன் அளவையும் பார்த்த பிறகே பேரம் பேச வேண்டும். காரின் விலையோடு ஒரு முழு இன்ஜின் வேலையின் செலவையும் சேர்த்துக் கையில் வைத்திருப்பவரே அதை நம்பி வாங்கலாம்.