காய்ச்சல் எத்தனையாம் நாள்? ஆய்வுகூடம் கேட்கும் முதல் கேள்வி

காலபோகம் தொடங்கினால் முரசுமோட்டையில் பலருக்குப் பொழுது சேற்றுக்குள்தான் கழிகிறது. அந்த நாட்களில் வரும் காய்ச்சல் பற்றி விசாரித்தபோது நான் அடிக்கடி கேட்ட பதில்: "இரத்தம் பாத்தது, ஒண்டும் இல்லையாம்." என்ன பரிசோதனை, காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாளில் செய்தது என்பது பலருக்குத் தெரியவில்லை. பரிசோதனை முடிவின் பெறுமதியே அதில்தான் தங்கியிருக்கிறது.

2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்தில் பரவிய காய்ச்சலில் சிலர் உயிரிழந்தனர். முதலில் இனங்காணப்படாத காய்ச்சலாகப் பேசப்பட்ட அது, ஆய்வுகூடப் பரிசோதனைகளின் பின்னரே எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. வயலும் வெள்ளமும் உள்ள வன்னிக்கும் இதே ஆபத்து உண்டு.

எந்தப் பரிசோதனை, எப்போது?

வழமையாக முதலில் செய்யப்படும் குருதிக்கல எண்ணிக்கை, கிருமியைக் காட்டுவதில்லை. டெங்கிலும் எலிக்காய்ச்சலிலும் குருதிச் சிறுதட்டுகள் குறையலாம்.

டெங்குக்கான என்.எஸ்.1 பரிசோதனை வைரசின் புரதத்தைத் தேடுகிறது. முதல் ஐந்து நாட்களுக்குள் செய்வது நல்லது. அதன் பின்னர், உடல் உருவாக்கும் பிறபொருளெதிரிகளைத் தேட வேண்டும்.

பிசிஆர், கிருமியின் மரபணுத் துண்டைப் பல கோடி மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை. கொரோனா காலத்தில் நாம் அறிந்த பரிசோதனை இதுதான். எலிக்காய்ச்சலுக்கு முதல் வாரத்தில் எடுத்த இரத்தத்தில் இது பயன்தரும்.

எலிக்காய்ச்சலை உறுதிப்படுத்தும் முக்கிய முறை வேறு. நோயாளியின் குருதியிலிருந்து பிரித்த தெளிந்த நீரை உயிருள்ள லெப்டோஸ்பைரா பற்றீரியாவுடன் கலந்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பிறபொருளெதிரி இருந்தால் பற்றீரியாக்கள் ஒன்றாகத் திரளும். ஆனால் பிறபொருளெதிரி உருவாக ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். எனவே இரண்டாம் நாளில் "இல்லை" என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சுமார் இரண்டு வாரம் கழித்து இரண்டாவது மாதிரி எடுத்து, அளவு நான்கு மடங்கு கூடியிருந்தால் நோய் உறுதியாகும்.

மலேரியாவுக்கு இன்றும் நுணுக்குக்காட்டியே பிரதானம். போர்க்காலத்தில் வன்னியை வாட்டிய அந்த நோயிலிருந்து இலங்கை விடுபட்டதாக 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. எனினும் மலேரியா உள்ள நாட்டிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்தப் பயணத்தைச் சொல்ல வேண்டும்.

முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்

போரில் கணவரை இழந்து கூலிக்குக் களை பிடுங்கும் பெண்ணுக்கு, வைத்தியசாலைக்குப் போகும் நாள் சம்பளமில்லாத நாள். பனடோலுடன் நான்கைந்து நாட்கள் கடந்துவிடுகின்றன. அதற்குள் எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தைத் தாக்கலாம்.

அதனால் எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்தாலே, முடிவு வருமுன் வைத்தியர்கள் நுண்ணுயிர்கொல்லியைத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகம் எழுவதற்கு நாம் சொல்லும் தகவல் வேண்டும்: காய்ச்சல் தொடங்கிய நாள், வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியது, காலில் இருந்த காயம், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு. வயலில் இறங்குபவர்களுக்கான டொக்சிசைக்கிளின் தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இரத்தம் கொடுத்தால், பரிசோதனையின் பெயரையும் திகதியையும் எழுதி வாங்கி வையுங்கள். அடுத்து பார்க்கும் வைத்தியருக்கு அது உதவும்.