500 மீட்டருக்காக ஒரு வழக்கு: ஜெகந்நாதன் ஐயாவின் கடைசிப் போராட்டம்

பிரான் பிரியாணி ஆர்டர் பண்ணுறப்போ, அந்த இறால் எந்த நிலத்துல வளர்ந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா?

1990களின் தொடக்கம். நாகப்பட்டினம் கடலோரத்துல நெல் வயல்கள் இறால் குளங்களா மாற ஆரம்பிச்சது. மோட்டார் போட்டு கடல்நீரை உள்ளே இறைப்பாங்க, தீவனமும் மருந்தும் கொட்டுவாங்க. உப்பு மெல்ல மண்ணுக்குள்ள இறங்கும். பக்கத்து வயல் கெடும், குடிக்கிற கிணறு உப்புக் கரிக்கும். நடவு, களை, அறுப்புன்னு பல பேருக்குச் சோறு போட்ட நிலத்துல, இப்போ சில பேருக்குத்தான் வேலை.

இதை எதிர்த்து நின்னவர் எஸ். ஜெகந்நாதன். 1914ல் பிறந்த காந்தியவாதி. வினோபாவின் பூதான இயக்கத்துல நடந்தவர். 1968ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, மனைவி கிருஷ்ணம்மாளோட கீழத்தஞ்சைக்கே வந்துட்டார். நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தர, 1981ல் ரெண்டு பேரும் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கினாங்க. அப்படிக் கிடைச்ச நிலத்துக்குப் பக்கத்துலயே உப்பு ஏறினா? பட்டா கையில இருக்கும், விளைச்சல் இருக்காது.

சத்தியாகிரகம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1994ல் உச்ச நீதிமன்றத்துல வழக்கு. அப்போ அவருக்கு 80 வயசு! வாதத்தோட மையம், ஏற்கெனவே இருந்த ஒரு விதி: 1991ன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள்ள, கடலோரம் இருந்தே ஆகணும்ங்கிற தேவை இல்லாத புதுத் தொழிற்சாலை வரக்கூடாது.

1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. இறால் பண்ணையும் ஒரு தொழிற்சாலைதான். பாரம்பரிய முறை தவிர, அந்த எல்லைக்குள்ள இருக்கிற குளங்களை 1997 மார்ச் 31க்குள்ள இடிக்கணும். கெடுத்தவங்களே இழப்பீடு தரணும். வேலை இழக்கிற தொழிலாளிகளுக்கும் பணம் தரணும்.

கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா 2005ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1991 அறிவிப்பின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாதுன்னு ஆக்கிடுச்சு. புதுப் பண்ணைகளுக்கு எல்லை 200 மீட்டர். நம்ம பாஷையில சொன்னா, பக் ஃபிக்ஸ் பண்ணல, ரூலையே மாத்திட்டாங்க.

2008ல் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் ரெண்டு பேருக்கும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைச்சது. 2013ல் அவர் காலமானார்.

அப்போ அவர் தோத்துட்டாரா? எனக்கு அப்படித் தோணல. 'கெடுத்தவரே ஈடு கட்டணும்'னு அந்தத் தீர்ப்பு அழுத்திச் சொன்னதை யாரும் அழிக்க முடியாது. ஆனா கிணத்துத் தண்ணியைத் தீர்ப்பு மட்டும் காப்பாத்தாது. தீர்ப்புக்கு அப்புறமும் யாராவது கண்காணிச்சுக்கிட்டே இருக்கணும்.