முடிச்சுச் சுங்குடியும் அச்சுச் சுங்குடியும்

கரிசக்காட்டு வெயிலுக்குச் சுங்குடிச் சேலை மாதிரி ஒத்துப்போற துணி வேறே இல்லை. நம்ம குழுக்கள்ல அதைக் கட்டாத அக்கா தங்கச்சிகள் குறைவு. ஆனா நம்மில் பெரும்பாலோர் கட்டுறது அச்சுப் போட்ட சுங்குடி. பழைய சுங்குடி வேற.

நம்ம ஊர் வழியாப் போற ரோட்டுல வடக்கே போனா மதுரை. குஜராத் பக்கத்துச் சௌராஷ்டிரத்தை விட்டுத் தெற்கே வந்த நெசவாளிகள், நாயக்கர் காலத்துல அங்கே குடியமர்ந்தாங்க. சுங்குடி அவங்க தொழில். துணியை நெய்யறதும் சாயம் போடுறதும் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் புள்ளிகளை உண்டாக்கினது வீட்டுப் பெண்களோட விரல். துணியில புள்ளி வர வேண்டிய இடத்தை நுனி விரலால கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடணும். அப்புறம் சாயத்துல முக்கணும். முடிச்சுக்குள்ளே சாயம் போகாது. காய்ஞ்ச பிறகு நூலை அவிழ்த்தா வெள்ளைப் புள்ளி.

ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நம்ம குழுக் கணக்கு நோட்டு மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிசத்துக்கு 4 முடிச்சுன்னு வச்சாலும் 10,000 முடிச்சுக்கு 2,500 நிமிசம். அதாவது 41 மணி நேரத்துக்கு மேல. வீட்டு வேலை போக நாளைக்கு 6 மணி நேரம் உட்கார்ந்தா ஏழு நாள் ஓடிடும். கண்ணும் விரலும் வலிக்கிறதை எந்த நோட்டுல எழுதுறது?

அப்புறம் மெழுகு அச்சு வந்தது. உருக்கின மெழுகை அச்சுக்கட்டையில தொட்டுத் துணியில குத்திச் சாயம் போட்டா, முடிச்சு இல்லாமலே புள்ளி வந்துரும். ஸ்கிரீன் பிரிண்ட் அதைவிட வேகம். விலை இறங்கினதால சுங்குடி நம்ம கைக்கு எட்டுச்சு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா முடிச்சுப் போட்ட பெண்களுக்கு வேலை போச்சு, பேரு மட்டும் சேலையில தங்கிருச்சு.

2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. முடிச்சு முறையைத் திரும்பக் கொண்டுவர முயற்சியும் நடக்குது. பழசு பருத்திச் சேலை மட்டும். புதுசு துப்பட்டா, சுடிதார் துணியிலும் வருது. நிறமும் கூடிப்போச்சு. எனக்கு இதுல வருத்தம் இல்லை. கேள்வி ஒண்ணுதான். குறியீடு பேரைக் காக்கும். ஒரு முடிச்சுக்கு என்ன கூலின்னு அதுல இருக்காது. கண்காட்சியில முடிச்சுச் சேலை விலை அதிகமா இருக்கேன்னு பேரம் பேசுறப்போ, அந்த ஏழு நாளை நினைச்சுப் பாருங்க.

அடையாளம் பார்க்கிறது சுலபம். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு. முடிச்சுப் புள்ளி ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது, ஓரம் லேசாப் பரவியிருக்கும், புதுத்துணியில சுருக்கமும் தெரியும். குஜராத்துல இதோட உறவான பாந்தனித் துணியை முடிச்சு அவிழ்க்காமலே விற்பாங்க. வாங்குறவங்க முன்னால துணியை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுப்பாங்க, நூலெல்லாம் பொலபொலன்னு கொட்டும்.